அளவெடுத்துச் செய்யும் இயர்போன்: யாருக்கு வேண்டும்?

வாசகர் கேள்வி - பதில்

காதுக்கு அச்சு எடுத்துச் செய்து தரும் கஸ்டம் இன்-இயர் இயர்போன்களைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று போகும் பொருள். ஒருவர் காதுக்கென்று செய்துவிட்டால் இன்னொருவருக்கு உதவாது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அதனால் சில கேள்விகளுக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

தாம்பரம் வாசகர்: 12,000 ரூபாய்க்கு வாங்கிய இயர்போன் வைத்திருக்கிறேன். மின்சார ரயிலில் போக வர ஒன்றரை மணி நேரம் பாட்டு கேட்பேன். பேஸ் கிடார் அமுங்கிக் கிடக்கிறது. வலது காது அரை மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கிறது. 90,000 ரூபாயில் ஒரு கஸ்டம் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா?

இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறையுமே இயர்போன் காதில் உட்காரும் விதத்தால் வருபவையாகத் தெரிகின்றன. அதைச் சில நூறு ரூபாயில் சரிசெய்ய முடிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, ஒலியைக் குறைவாக வைத்து, 40 ஹெர்ட்ஸ் ஓட விடுங்கள். இயர்போனை வழக்கம்போல் மாட்டிக்கொண்டு, முதலில் இடது பக்கத்தையும் பிறகு வலது பக்கத்தையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி சட்டென்று கூடினால் அந்தக் காதில் காற்று கசிகிறது என்று பொருள். இன்-இயரில் டிரைவருக்கும் (ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) செவிப்பறைக்கும் நடுவே இருப்பது மிகச் சிறிய காற்றறை. அது மூடியிருந்தால்தான் தாழ்ந்த ஸ்தாயி ஒலி செவிப்பறையைத் தள்ளும். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் பேஸ் அதன் வழியே வெளியே போய்விடும். மேல் ஸ்தாயி மட்டும் அப்படியே நிற்கும். பேஸ் இல்லை என்று மாடலை மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலருடைய கதை இதுதான்.

பெட்டியோடு வந்த, இயர்போன் நுனியில் மாட்டும் ரப்பர் டிப்பில் நடுத்தர அளவையே இரண்டு காதிலும் போட்டிருக்கிறீர்களா? பலருக்கு இரண்டு செவிக்குழாயும் ஒரே அளவில் இருப்பதில்லை. வலதுக்குச் சின்ன டிப், இடதுக்கு நடுத்தர டிப் என்று கலந்து போடுவதில் தவறே இல்லை. வலி எங்கே என்பதையும் விரலால் தொட்டுப் பாருங்கள். துவாரத்துக்குள் வலித்தால் டிப் பெரிது, அதைச் சிறிதாக்கிச் சற்று ஆழமாகச் செருக வேண்டும். துவாரத்துக்கு வெளியே, காதுமடல் குழிவில் வலித்தால் இயர்போனின் உடல் குருத்தெலும்பில் இடிக்கிறது. அதற்கு டிப் மாற்றினால் பயனில்லை. கஸ்டம் உண்மையிலேயே தீர்த்து வைக்கும் பிரச்சினை இந்த இரண்டாவது வகைதான்.

செருகும் முறையும் முக்கியம். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலே, பின்பக்கமாக இழுங்கள். வளைந்திருக்கும் குழாய் நேராகும். வாயைத் திறந்தபடி லேசாகத் திருகி உள்ளே விடுங்கள். ஃபோம் டிப் என்றால் விரல்களுக்கிடையே உருட்டி ஒடுக்கிச் செருகி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு ஃபோம் நன்றாகவே உதவும். சில மாதங்களில் விறைத்துப்போகும், அப்போது மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலியின் குணம் பிடிக்கவில்லை என்றால் ஸ்தாயி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் பக்கம் வாருங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற செயலிகளில் பல மாடல்களுக்கான திருத்தம் தயாராகவே இருக்கிறது. நீங்களே செய்வதாக இருந்தால் மொத்த அளவை முதலில் 6 டெசிபல் இறக்கிவிட்டு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் மட்டும் ஏற்றிப் பாருங்கள். முதலில் இறக்காமல் ஏற்றினால் ஒலி உடைந்து கரகரக்கும். ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் கூர்மை குத்தினால் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சிகரம் இருக்கும். டோனை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் அது எங்கே என்று காதே காட்டிவிடும். அந்த இடத்தில் மட்டும் 3, 4 டெசிபல் குறையுங்கள். டிப்பை ஆழமாகச் செருகினால் அந்தச் சிகரம் மேலே நகரும் என்பதால், செருகும் ஆழம் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ரயில் இரைச்சல்தான் பெரிய தொல்லை என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயிலின் ‘கும்’மென்ற உறுமல் தாழ்ந்த ஸ்தாயி. அதை அடக்குவதில் மின்னணு இரைச்சல் நீக்கம் கொண்ட நல்ல புளூடூத் இயர்பட் மிகக் கெட்டி. கஸ்டமின் பலம், பேச்சொலி போன்ற நடு, மேல் ஸ்தாயிச் சத்தங்களையும் சேர்த்து அடைப்பதில் இருக்கிறது. வெறும் ரயிலுக்காக 90,000 ரூபாய் அதிகம்.

நடுவே ஒரு வழியும் உண்டு. உங்கள் இப்போதைய இயர்போனுக்கே, உங்கள் காது அச்சை வைத்து மிருதுவான சிலிக்கோனில் கஸ்டம் டிப் செய்து தருகிறார்கள். முழுக் கஸ்டமின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். காற்றடைப்பும் பிடிமானமும் கிடைக்கும். ஒலித்துவாரம் நீண்டு குறுகினால் மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் மடல் குழிவில் இயர்போன் இடித்துக்கொண்டே இருந்தால், ஒலியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதும் அதற்குள் தெளிவாகிவிட்டால், அப்போது கஸ்டம் வாங்குங்கள். அச்சு எடுத்துச் செய்வதால் ஒலியின் தரம் தானாக உயர்ந்துவிடாது. அச்சு தருவது காற்றடைப்பு, சொகுசு, இரைச்சல் தடுப்பு ஆகிய மூன்றும்தான். ஒலியின் குணத்தை உள்ளே இருக்கும் டிரைவர்களும் அவற்றை ட்யூன் செய்த கையும்தான் தீர்மானிக்கின்றன. சுமாராக ட்யூன் செய்த கஸ்டமை விட நன்றாக ட்யூன் செய்த 5,000 ரூபாய் இயர்போன் இனிமையாகவே பாடும்.

திருநெல்வேலி வாசகர்: கோயில் கொடை, கல்யாண வீடு என்று கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ‘கொய்ங்’ என்கிறது. கஸ்டம் வாங்கினால் சரியாகுமா?

உங்களுக்குத் தயங்காமல் வாங்கச் சொல்வோம். இந்தப் பொருளில் பேர்பெற்ற நிறுவனம் ஒன்று பிறந்ததே டிரம்ஸ் வாசிப்பவருக்காகத்தான். 1995-இல் வான் ஹேலன் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு அச்சு எடுத்துச் செய்து கொடுத்ததிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் தொடங்கியது.

காரணம் எளிய கணக்கு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் 1 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காதில் 100-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அதற்கு மேல், பாட்டு கேட்க வேண்டுமே என்று பக்கத்தில் ஒரு மானிட்டர் பெட்டியும் அலறும். நன்றாகப் பொருந்திய கெட்டியான அக்ரிலிக் கஸ்டம் சுமார் 26 டெசிபல் தடுக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வெளிச்சத்தம் அவ்வளவு குறைந்தால் உள்ளே பாட்டை மெதுவாக வைத்தாலே கேட்கும். ஆக, பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கும் வால்யூம் குமிழில் இருக்கிறது. கஸ்டம் மாட்டிக்கொண்டு பழைய உரப்பிலேயே வைத்தால் காது முன்போலவே கெடும்.

மேடையில் கவனிக்க வேண்டியவை: மிக்சரிலிருந்து உங்களுக்கென்று தனி ஆக்ஸ் வரி, அதாவது உங்களுக்கு மட்டும் கலந்து வரும் ஒலி இணைப்பு, கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்தே வாசிப்பவர். ஒயர்லெஸ் செட் தேவையில்லை, ஒரு வயர்டு ஹெட்போன் ஆம்ப் போதும். அதில் ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் இருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்னால் ஒரு லிமிட்டர் வைக்க வேண்டும். யாரோ மைக்கைக் கீழே போட்டாலோ ஃபீட்பேக் அலறினாலோ அது நேராகச் செவிப்பறையில் இறங்கும். காதிலிருந்து பிடுங்குவதற்குள் நடந்து முடிந்துவிடும்.

ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிக்கும் பழக்கம் வேண்டாம். கூட்டத்தின் சத்தம் கேட்கவில்லை, தனியாக அடைத்து வைத்தது போல் இருக்கிறது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். திறந்த காது முழுச் சத்தத்தையும் வாங்கும். மூடிய காதில் அதை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டுவீர்கள். இரண்டும் கெடும். அதற்குப் பதில் மேடை ஓரத்தில் பார்வையாளர்களை நோக்கி ஒரு மைக் வைத்து, அதை உங்கள் மிக்ஸில் கொஞ்சம் கலந்துவிடச் சொல்லுங்கள். கிக் டிரம்மின் உதைப்பு உடம்பில் தெரியவில்லை என்று தோன்றினால், பேஸைக் கூட்டுவதை விட இருக்கைக்கு அடியில் பொருத்தும் அதிர்வுக் கருவி நல்லது.

வாங்குவதற்கு முன் ஒன்று. ‘கொய்ங்’ இரண்டு நாளைக்கு மேல் நீடிக்கிறதா, மேல் ஸ்தாயி கேட்பது குறைந்திருக்கிறதா என்று ஆடியோகிராம் எனும் செவித்திறன் சோதனை எடுத்துப் பாருங்கள். அச்சு எடுக்கப் போகும் இடத்திலேயே எடுத்துவிடலாம். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கோவை வாசகி: கஸ்டம் ஆர்டர் செய்துவிட்டேன். காது அச்சை நீங்களே எடுத்து அனுப்புங்கள் என்கிறார்கள். எங்கே, எப்படி எடுப்பது? என்ன பார்க்க வேண்டும்?

ஹியரிங் எய்டு மையங்களில் இயர் மோல்டுக்காக அன்றாடம் செய்யும் வேலைதான். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற செவித்திறன் நிபுணராக (ஆடியாலஜிஸ்ட்) பார்த்துப் போங்கள். கஸ்டம் சரியில்லாமல் போவதற்கு அச்சில் விழுந்த பிழையே முதல் காரணம். பணத்தை எவ்வளவு கொட்டினாலும் குறையுள்ள அச்சிலிருந்து நல்ல ஷெல் (இயர்போனின் வெளிக்கூடு) வராது.

ஹியரிங் எய்டுக்கு எடுக்கும் அச்சுக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசம் உண்டு, அங்கேதான் சறுக்கும். ஒன்று, ஆழம். ஹியரிங் எய்டு மோல்டுக்கு முதல் வளைவு தாண்டினாலே பெரும்பாலும் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். இதற்கு இரண்டாவது வளைவையும் தாண்டிப் போக வேண்டும். இரண்டாவது, வாய். பழக்கத்தில் வாயை மூடச் சொல்லியே எடுப்பார்கள். இன்-இயர் தயாரிப்பாளர்களில் பலர், பற்களுக்கிடையே சுமார் ஒரு அங்குலக் கட்டை ஒன்றைக் கடித்தபடி, வாய் திறந்த நிலையில் எடுக்கச் சொல்கிறார்கள். வாயைத் திறக்கும்போது தாடை மூட்டு முன்னால் நகரும். செவிக்குழாயின் முன்சுவரும் கூடவே நகர்ந்து குழாய் அகலமாகும். மூடிய வாயில் எடுத்த அச்சிலிருந்து செய்த ஷெல், நீங்கள் பாடினாலோ சிரித்தாலோ தளர்ந்து பேஸைக் கோட்டைவிடும். உங்கள் தயாரிப்பாளர் எந்த முறை கேட்கிறார் என்பதை அச்சடித்து எடுத்துப்போய் ஆடியாலஜிஸ்ட் கையில் கொடுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நடப்பது இது. முதலில் விளக்குக் கருவியால் காதைப் பார்ப்பார். குறும்பி இருந்தால் அன்றைக்கு எடுக்கக் கூடாது, சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். பிறகு நூல் கட்டிய சிறு பஞ்சு அல்லது ஸ்பாஞ்சைக் குழாய்க்குள் தள்ளி வைப்பார். கலவை செவிப்பறை வரை போகாமல் தடுப்பது அதுதான். அது இல்லாமல் அச்சு எடுக்க யாராவது முனைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தப் பஞ்சு வைக்கும்போது சிலருக்கு இருமல் வரும். காதுக் குழாயில் ஓடும் நரம்பால் வருவது, பயமில்லை. அடுத்து, இரண்டு டப்பாச் சிலிக்கோனைச் சரிபாதியாகக் கலந்து சிரிஞ்சில் நிரப்பி உள்ளே விடுவார். சிரிஞ்சின் முனை எப்போதும் கலவைக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். வெளியே வந்து மறுபடி நுழைந்தால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். குழாய் நிரம்பி, மடல் குழிவு முழுவதும் நிரம்பி, மேல் மடிப்பு வரை வர வேண்டும். இறுக ஐந்து நிமிடம்போல் ஆகும். அதுவரை பேச்சு, முறுவல், தலையாட்டல் எதுவும் கூடாது. வெளியே எடுத்த பிறகு மறுபடி விளக்கால் பார்த்து, பஞ்சுத் துணுக்கு தங்கவில்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள்.

அச்சைக் கையில் வாங்கி நீங்களே பாருங்கள். குழாய்ப் பகுதியில் இரண்டு வளைவும் தெரிகிறதா? நுனி வட்டமாக நிரம்பியிருக்கிறதா, ஒரு பக்கம் மடிந்து கிடக்கிறதா? எங்காவது பள்ளம், குமிழி, மடிப்புக் கோடு இருக்கிறதா? குழாய்ப் பகுதியில் இருந்தால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லிவிடுங்கள். இன்னொரு முறை எடுக்க ஆகும் செலவு, கூரியரில் போய்வந்து, ஷெல்லைப் பொருந்தும்படி திருத்தி வாங்கும் ‘ரீஃபிட்’ அலைச்சலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கெட்டியான சிறு பெட்டியில், அழுத்தாமல் வைத்து அனுப்புங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்க வேண்டாம்.

அச்சு எடுப்பதற்கு முந்தைய சில நாள் காதில் எண்ணெய் விடாதீர்கள். பெரிய ஜிமிக்கி, மாட்டல் போடுபவர் என்றால் இன்னொன்று: கஸ்டமின் கேபிள் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் இறங்கும். மாட்டலோடு கண்டிப்பாகச் சிக்கும்.

சிங்கப்பூர் வாசகர்: ஒரு பக்கத்துக்கு 12 டிரைவர் என்கிறார்கள், 4 டிரைவர் மாடலை விட இரண்டு மடங்கு விலை. போனோடு நேராக இணைத்துத்தான் கேட்பேன். எதை எடுக்கலாம்?

டிரைவர் எண்ணிக்கையைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற இந்தச் சின்ன டிரைவர்கள் காது கேட்கும் கருவிகளில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. அவற்றுக்கிடையே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சரியாக அமையாவிட்டால் எண்ணிக்கை கூடக் கூடக் குழப்பம்தான் கூடும். ஒரே ஒரு ஆர்மேச்சருடன் 1991-இல் வந்த எடிமோட்டிக் ஈ.ஆர்.-4 இன்றைக்கும் மதிக்கப்படுகிறது.

போனோடு இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பல ஆர்மேச்சர் கொண்ட இயர்போன்களின் மின்தடை எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் 10 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி கொடுக்கும் கருவியின் வெளியீட்டு மின்தடை 10 ஓம் என்றால் முதல் இடத்தில் 6 டெசிபல் இழப்பு, இரண்டாவது இடத்தில் சுமார் 2 டெசிபல்தான். இடையே 4 டெசிபல் வித்தியாசம் விழுந்து, ட்யூன் செய்தவர் நினைத்தே பார்க்காத ஒலி உங்கள் காதுக்கு வரும். அதே கருவியில் அது 1 ஓம் என்றால் வித்தியாசம் 1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஆகவே 1 ஓமோ அதற்குக் கீழோ வெளியீட்டு மின்தடை உள்ள , போனில் செருகி இயர்போனை இணைக்கும் சிறு டாங்கிள் ஒன்று போதும். சிலவற்றில் ‘உஸ்’ஸென்ற இரைச்சல் கேட்கும். இயர்போன் மிக நுண்ணுணர்வு கொண்டதாக இருந்தால் அது வரும், பழுது இல்லை.

நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. அடெல்ஃபி கட்டடத்தில் இருக்கும் ஒலிக்கருவிக் கடைகளுக்குப் போய், வாங்க நினைக்கும் மாடலின் டெமோ இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் போன், உங்கள் பாட்டு, குறைந்தது அரை மணி நேரம். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிடுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். டெமோவில் சாதாரண ரப்பர் டிப் இருக்கும். கஸ்டமாகச் செய்து வரும்போது பேஸும் மேல் ஸ்தாயியும் சற்று மாறும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு வாசகர்: கஸ்டம் வந்து ஒரு கிழமை ஆகிறது. இடப்பக்கம் சிரிக்கும்போதும் கதைக்கும்போதும் பேஸ் விழுகிறது. வலப்பக்கம் மேல் மடிப்பில் நோகிறது. பழகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

வலப்பக்கம் பழகலாம், இடப்பக்கம் பழகாது.

இடப்பக்கத்தில் முதலில் ஷெல்தான் குற்றவாளியா என்று உறுதி செய்யுங்கள். பிளக்கை இடம் வலம் மாற்றிச் செருகி, அதாவது இடக் கேபிளை வல இயர்போனுக்கும் வலதை இடதுக்கும் போட்டுப் பாருங்கள். பேஸ் குறை கேபிளோடு நகர்ந்தால் கேபிள் பழுது. இடக் காதிலேயே நின்றால் காற்றுக் கசிவு. ஷெல்லை லேசாக அழுத்தியபடி வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் திரும்பினால் குழாய்ப் பகுதி மெலிந்திருக்கிறது. அதற்கு ரீஃபிட் வேண்டும், பெரும்பாலும் புது அச்சும் வேண்டும். இரண்டு முள் கேபிள் என்றால் மறுபடி செருகும்போது முனைகளைத் தலைகீழாக்கிவிட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் எதிர்மாறாகிவிட்டால் நடுவில் நிற்கும் பாடகர் குரல் கரைந்து, பேஸ் மெலிந்ததுபோல் தோன்றும்.

வலப்பக்க நோவுக்கு, இன்னும் சில நாள் அரை மணி நேரம் போட்டு, கழற்றி வையுங்கள். மேல் மடிப்பை முதலில் செருகிவிட்டுப் பிறகு குழாயை உள்ளே திருப்புகிறீர்களா என்றும் பாருங்கள். பலர் மேல் பகுதி மடிப்புக்கு வெளியே நிற்பதைக் கவனிப்பதில்லை. பத்து நாளுக்குப் பிறகும் அதே புள்ளி சிவந்தால், கண்ணாடி முன் நின்று படம் எடுத்து, அந்த இடத்தை ஷெல்லில் மார்க்கர் புள்ளியால் காட்டி அனுப்புங்கள். அரை மில்லிமீட்டர் தேய்த்தாலே தீர்ந்துவிடும். வீட்டில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம்.

இலவச ரீஃபிட்டுக்கான காலம் பல இடங்களில் 30 நாள்தான், அதனால் இந்த வாரமே எழுதுங்கள். திருப்பி அனுப்பும்போது பார்சலின் மேல் பழுதுபார்ப்புக்காக என்று தெளிவாகக் குறித்து, பழைய பில்லின் நகலையும் வையுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது சுங்கத்தில் புதுப் பொருளாகக் கணக்கிட்டு வரி கேட்கக்கூடும்.

மதுரை வாசகர்: சிறு வயதிலிருந்தே இடது செவிப்பறையில் ஓட்டை. அவ்வப்போது சீழ் வரும். அச்சு எடுக்கலாமா?

கூடாது. சிலிக்கோன் ஓட்டை வழியே நடுச்செவிக்குள் போனால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டி வரும். காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சீழ் வடியும் காதை அடைத்து வைப்பதும் தவறு. இ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காதுக்கு வெளியே நிற்கும் ஹெட்போன் போதும்.

நாகர்கோவில் வாசகி: அக்ரிலிக்கா, சிலிக்கோனா? எங்கள் ஊர் ஈரக் காற்றுக்கு எது நிற்கும்? எப்படிப் பராமரிப்பது?

அக்ரிலிக் கெட்டி. தேய்த்துத் திருத்தலாம், பளபளப்பாக்கலாம், உடைத்துப் பழுதுபார்க்கலாம். சிலிக்கோன் மிருது. தாடை அசைவோடு ஒத்துப்போகும், இரைச்சலைக் கூடுதலாகத் தடுக்கும். ஆனால் திருத்துவது கடினம், உள்ளே டிரைவர் கெட்டால் திறப்பதும் கடினம். மேடையில் பாடுகிறவராக இல்லாவிட்டால் அக்ரிலிக்கே எடுங்கள்.

கஸ்டமைக் கெடுப்பதில் முதலிடம் காதுக் குறும்பிக்கு. ஒலித்துவாரத்தில் அது ஏறி அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மங்கும், டிரைவர் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, கூடவே வரும் கம்பி வளையத்தால் வாயோரத்தில் இருப்பதை மட்டும் சுரண்டி எடுங்கள். மேல்நோக்கிப் பிடித்துச் சுரண்டினால் அழுக்கு உள்ளே விழும். குச்சி, ஊசி, பட்ஸ் எதுவும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

எண்ணெய்க் குளியல் அன்று போடாதீர்கள். எண்ணெய் துவாரத்துக்குள் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. சாதாரணக் குளியலுக்குப் பிறகும் காது முழுக்க உலர்ந்த பின்பே போட வேண்டும். நம் கடலோர ஈரத்தில், அடைபட்ட ஈரக் காது பூஞ்சைக்கு நல்ல விளைநிலம். அரிப்பு வந்தால் சில நாள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெறுமே கழற்றி மேஜையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட மூடும் டப்பாவில் வையுங்கள். ஹியரிங் எய்டு மையங்களில் இதற்கென்றே டப்பா விற்கிறார்கள். மணிகள் நிறம் மாறினால் மாற்ற வேண்டும், அல்லது சூடாக்கி உலர்த்த வேண்டும். இயர்போனின் ஈரத்தைப் போக்க ஹேர் டிரையரைக் காட்ட வேண்டாம், உள்ளே ஒட்டியிருக்கும் குழாய்கள் விலகிவிடும்.

ஈரோடு வாசகர்: மகனுக்கு 14 வயது, கீபோர்டு கற்கிறான். கஸ்டம் கேட்கிறான்.

வளரும் வயதில் காதும் வளரும். இன்று பொருந்துவது ஒன்றிரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும். நல்ல சாதாரண இன்-இயர் ஒன்று, மூன்று அளவு டிப், போனில் வால்யூம் வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 என்றும் வரம்பு சொல்கிறது. அவனுடைய போனில் அந்த 75-ஐ வைத்துக்கொடுங்கள்.

சேலம் வாசகர்: வேறொருவருக்குச் செய்த கஸ்டம் பாதி விலைக்கு வருகிறது. வாங்கி ரீஷெல் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், கணக்குப் போட்டுவிட்டு. ரீஷெல் என்றால் பழைய ஷெல்லை உடைத்து டிரைவர்களை எடுத்து, உங்கள் அச்சில் செய்த புது ஷெல்லில் பொருத்துவது. பாதி விலை, அச்சுக் கூலி, ரீஷெல் கூலி, இரு வழிக் கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்தால் புதுசின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் உத்தரவாதம் கிடைக்காது. பணம் கொடுப்பதற்கு முன், அந்த வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதி, கைமாறிய பொருளுக்கு ரீஷெல் செய்து தருவார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளி ஆளிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் குழாயின் நீளமும் ஒலியை மட்டுப்படுத்தும் டேம்பரும் கொஞ்சம் மாறினாலே ஒலி மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா என்று விற்பவர் முன்னாலேயே சோதிக்க வேண்டும். உங்கள் காதில் அது பொருந்தாது என்பதால், துவாரத்தின் மேல் ஒரு ஃபோம் டிப்பைப் பிடித்து வைத்துத்தான் கேட்க முடியும். பேஸை அதில் கணிக்க முடியாது. இடம் வலம் சமமா, கரகரப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.